‘உன் கவனக்குறைவுதானே!’ – வேலையிடத்துக் காயமும் இழப்பீட்டுச் சட்டமும்

சட்டக் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலையிடத்து விபத்துகளைப் பற்றியவை. விபத்து நடந்ததும் மேற்பார்வையாளரோ மேஸ்திரியோ சொல்லிவிட்டுப் போன ஒரு வாக்கியத்தையே சட்டம் என்று நம்பி, மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டவர்கள்தாம் இவற்றை எழுதியவர்களில் பலர். அந்த வாக்கியங்களை அப்படியே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விளக்கம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. எனினும் இழப்பீட்டு உரிமை விபத்து நடந்த நாளிலேயே பிறந்துவிடுவதால், அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துகளுக்கு அன்றிருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டமும் 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) சட்டமும்தான் பொருந்தும். இங்கே வெளியாகும் கடிதங்களில் உள்ள விபத்துகள் எல்லாம் அந்தத் தேதிக்கு முந்தியவை.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 30. ஆறு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிவந்தேன். மாதச் சம்பளம் 16,000 ரூபாய். 2025 ஜூன் மாதம் பிரஸ்ஸில் சிக்கி வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளியே கட்டினார். இப்போது இழப்பீடு கேட்டால், “உன் கவனக்குறைவுதானே! கார்டு (இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பு) இல்லாமல் கையை விட்டது நீ. ஆஸ்பத்திரிக்குக் கட்டியதே பெரிய தொகை” என்கிறார். எனக்கு உரிமை இல்லையா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: உரிமை இருக்கிறது. ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் தவறு யாருடையது என்பது அடிப்படைக் கேள்வியே இல்லை. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நேர்ந்ததா என்பதே கேள்வி. அலுப்பில் கண் அசந்தது, அவசரத்தில் கை நழுவியது போன்ற சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. தொழிலாளியின் நடத்தையைக் காட்டி முதலாளி கேட்கக்கூடிய விலக்குகள் மூன்றே: தொழிலாளி குடிபோதையிலோ வேறு போதைப் பொருளின் மயக்கத்திலோ இருந்தது, பாதுகாப்புக்காகத் தெளிவாகக் கொடுக்கப்பட்ட உத்தரவையோ விதியையோ வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கருவி என்று தெரிந்தே அதை வேண்டுமென்று கழற்றியது அல்லது புறக்கணித்தது. விபத்துக்கு நேரடிக் காரணம் இவற்றில் ஒன்றுதான் என்பதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். தொழிலாளி இறந்துவிட்டாலோ நிரந்தரமாக முழு ஊனம் அடைந்துவிட்டாலோ இந்த மூன்று விலக்குகளும்கூட முதலாளிக்குக் கிடையாது.

உங்கள் வழக்கில் முக்கியமானது, கார்டைக் கழற்றியது யார் என்பது. உற்பத்தி வேகம் குறைகிறது என்று நிர்வாகமே பிரஸ் கார்டுகளைக் கழற்றி மூலையில் போட்டுவிடும் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இயந்திரத்தில் கை சிக்கினால் அதை நீங்கள் ‘வேண்டுமென்றே புறக்கணித்தது’ ஆகாது. மற்ற பிரஸ்களும் கார்டு இல்லாமலே ஓடுகின்றனவா என்பதற்கு உடன் வேலை செய்பவர்களின் சாட்சியமும், இருந்தால் கைப்பேசிப் படமும் மிகவும் உதவும்.

தொகைக் கணக்கு இது. நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் கொள்ளப்படாது. 2020 ஜனவரி 3 முதல் இதுதான் உச்சவரம்பு. 30 வயதுக்கான காரணி 207.98. ஆக 9,000 ரூபாயை அதனால் பெருக்கினால் 18,71,820 ரூபாய். ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்கள் போனால் சம்பாதிக்கும் திறனில் 11 சதவீத இழப்பு என்று சட்டத்தின் முதல் அட்டவணை சொல்கிறது. அதன்படி உங்களுக்கு வர வேண்டியது சுமார் 2,05,900 ரூபாய். விபத்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் சேரும்.

ஆஸ்பத்திரிச் செலவை இதில் கழிக்க முடியாது. வேலையில் பட்ட காயத்துக்கான சிகிச்சையின் உண்மைச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பது தனிக் கடமை. மருத்துவத்துக்காகக் கொடுத்த பணம் இழப்பீடாகக் கருதப்படாது என்று பிரிவு 4 வெளிப்படையாகவே சொல்கிறது.

அட்டவணைச் சதவீதத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ஒரு தச்சர் வேலையின்போது கீழே விழுந்து, இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்ட வழக்கில், ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது என்பதால் அது முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் தீர்ப்பளித்தது. உறுப்பில் எவ்வளவு போயிற்று என்பதோடு, அந்த உறுப்பை நம்பியிருந்த தொழில் என்னவாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். உங்கள் விரல் காயம் அந்த அளவுக்குப் போகாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் பிடிமானம் குறைந்து பிரஸ் ஓட்டவே முடியவில்லை என்றால், அதை மருத்துவர் சான்றிதழில் எழுதச் சொல்லி வாங்கிவையுங்கள்.

கேள்வி: என் கணவர் கொத்தனார். வயது 40. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டட வேலையில், 2025 ஜனவரியில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். நாள் கூலி 1,000 ரூபாய்; மாதத்தில் 25 நாள் வேலை இருக்கும். காரியம் முடிந்த பத்தாம் நாள் மேஸ்திரியும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் வந்து இரண்டு லட்ச ரூபாய் கொடுத்து, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பில்டரிடம் போனில் பேசினால், “அவர் எங்கள் ஆள் இல்லை, மேஸ்திரியின் ஆள். எங்கள் ரெஜிஸ்டரில் பெயரே கிடையாது” என்கிறார்கள். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். மாமியாரும் என்னோடுதான் இருக்கிறார். கையெழுத்துப் போட்டபிறகு இனி ஏதாவது செய்ய முடியுமா?
– விழுப்புரம் மாவட்ட வாசகி

பதில்: அம்மா, முடியும். முதலில் அந்த முத்திரைத்தாளைப் பற்றிய பயத்தை விடுங்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ செய்யப்படும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று பிரிவு 17 கூறுகிறது. யார் முன்னிலையில் எழுதினார்கள், எத்தனை ரூபாய் முத்திரைத்தாள் என்பதெல்லாம் இங்கே பொருட்டில்லை.

இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை நேரில் கொடுக்கவே சட்டம் அனுமதிக்கவில்லை என்பது பலருக்கும் தெரியாது. உயிரிழப்புக்கான தொகையை இழப்பீட்டு ஆணையரிடம் செலுத்த வேண்டும். நேரடியாகக் கையில் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது என்கிறது பிரிவு 8. துக்க வீட்டில் கூட்டம் கூடிப் பேரம் பேசி, கையெழுத்து வாங்கிப் போகும் வழக்கத்தைத் தடுப்பதற்காகவே வைக்கப்பட்ட பிரிவு என்று இதை நான் கருதுகிறேன். முன்பணமாகக் குடும்பத்துக்குக் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பள அளவு வரை மட்டும் ஆணையர் கழித்துக்கொடுக்கலாம். ஆகவே அந்த இரண்டு லட்சத்தை வாங்கியது உங்கள் கோரிக்கைக்குத் தடை இல்லை. வாங்கியதை மறைக்காமல் மனுவிலேயே சொல்லிவிடுங்கள்; பின்னால் எதிர்த்தரப்பு அந்தத் தாளை எடுத்து நீட்டும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கூடும்.

‘எங்கள் ஆள் இல்லை’ என்ற பதில் இந்தச் சட்டத்தின்முன் நிற்காது. தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரர் மூலம் செய்விப்பவர், அந்த ஒப்பந்தக்காரரின் தொழிலாளிக்குத் தன் சொந்தத் தொழிலாளியைப் போலவே பொறுப்பாவார் என்பது பிரிவு 12. கட்டடம் கட்டுவதே தொழிலாகக் கொண்ட பில்டர், மேஸ்திரியைக் காட்டித் தப்பிக்க முடியாது. கொடுத்த தொகையை அவர் பிறகு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் இருவருக்கும் இடையிலான விவகாரம். தற்காலிக வேலைக்காரர் என்ற பழைய வாதமும் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது. மனுவில் பில்டர், மேஸ்திரி இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். பில்டர் காப்பீடு எடுத்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்தையும் சேர்க்க வேண்டும்.

ரெஜிஸ்டரில் பெயர் இல்லாததால் வேலை செய்தார் என்பதற்கான ஆதாரத்தை நீங்கள்தான் திரட்ட வேண்டும். காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகிய மூன்றும் அடிப்படை ஆவணங்கள். எந்த இடத்தில், எந்த வேலையில் இருந்தபோது விழுந்தார் என்பது இவற்றில் அநேகமாக எழுதப்பட்டிருக்கும். கூலிக்கு, மேஸ்திரி வாராவாரம் கைப்பேசி மூலம் பணம் அனுப்பிய பதிவு, சனிக்கிழமைக் கணக்குச் சீட்டு, உடன் வேலை பார்த்த சித்தாள்களின் சாட்சியம் போதும். ஒரு வகையில் அந்த முத்திரைத்தாளே உங்களுக்குச் சாட்சி: வேலைக்காரர் இல்லையென்றால் எதற்காக இரண்டு லட்சம் கொடுத்தார்கள்?

கணக்கைப் பார்ப்போம். கூலி மாதம் 25,000 ரூபாய் ஆகிறது, ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்கான 21,000 ரூபாய் வரம்பை அது தாண்டிவிடுவதால் உங்கள் வழக்கு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ்தான் வரும். ஆனால் இழப்பீட்டுக் கணக்கில் 15,000 ரூபாயை மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். கொத்தனாரின் கூலி எங்கேயோ போய்விட்டது, சட்டத்தின் வரம்பு அங்கேயே நிற்கிறது என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. உயிரிழப்புக்கு அதில் பாதி, அதாவது 7,500 ரூபாயை, 40 வயதுக்கான காரணியான 184.17-ஆல் பெருக்க வேண்டும்: 13,81,275 ரூபாய். இதற்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் வட்டி மட்டுமே ஆண்டொன்றுக்கு 1,65,753 ரூபாய். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்று ஆணையர் கருதினால், இழப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். அதுவும் உங்களுக்கே வந்துசேரும். ஈமச் செலவுக்குக் குறைந்தது 5,000 ரூபாய் தனி.

நீங்கள் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த இடம் எதுவானாலும், மனுதாரர் வழக்கமாகக் குடியிருக்கும் பகுதிக்கு அதிகாரமுள்ள ஆணையரிடம் மனுச் செய்யலாம். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் துணை ஆணையர் அல்லது இணை ஆணையர் நிலையில் உள்ளவர்களே இந்தப் பொறுப்பை வகிக்கிறார்கள். பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச வழக்கறிஞர் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாரிசுச் சான்றிதழில் மாமியார் பெயரும் இருக்கட்டும். அவர் விதவை என்றால் அவரும் சட்டப்படி சார்ந்திருப்பவரே. பிள்ளைகளின் பங்கை அவர்கள் வயதுக்கு வரும்வரை வங்கியில் போட்டுவைக்க ஆணையர் உத்தரவிடுவார். இடையில் படிப்புச் செலவுக்கு அனுமதி கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

கெடு, இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். 2027 ஜனவரி வரை நேரம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். உடன் வேலை செய்தவர்கள் அதற்குள் வேறு வேறு ஊர்களுக்கு வேலை தேடிப் போய்விடுவார்கள். மூன்று மாதத்தில் தீர்ப்பு வர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அப்படி நடந்து நான் பார்த்தது அபூர்வம்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். 2025 செப்டம்பரில் இரவு ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது லாரி மோதிக் கால் எலும்பு முறிந்தது. கம்பெனி கேட்டுக்கு வெளியே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று எச்.ஆர். அலுவலர் சொல்கிறார். சரியா?

பதில்: முப்பது ஆண்டுகளுக்கு முன்பு என்றால் அவர் சொல்வது சரி. வேலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் லாரி மோதிக் காயம் பட்ட வழக்கில், அது வேலைக் காயம் ஆகாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த நிலையை மாற்ற 2010-இல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் பிரிவு 51-ஈ சேர்க்கப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நேரும் விபத்தும், நேரம், இடம், சூழல் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால், வேலைக் காயமே. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் விடியற்காலை மூன்று மணி முறைக்குப் போகும் வழியில் 2003-இல் இறந்த வழக்கில், ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இதே கொள்கை பொருந்தும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய சட்டத் தொகுப்பும் பயண விபத்தை வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது.

ஆகவே விபத்து அறிக்கையை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியது கம்பெனியின் கடமை. அவர்கள் அனுப்பாவிட்டால் நீங்களே எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஷிப்ட் முடிந்த நேரம், விபத்து நடந்த இடம், வழக்கமான பாதை ஆகிய மூன்றும் பொருந்திவர வேண்டும். வழியில் வேறு காரியமாகச் சுற்றிப் போயிருந்தால் சிக்கல்தான். வேலைக் காயம் என்று ஏற்கப்பட்டால், மருத்துவர் ஓய்வுச் சான்று தரும் காலம் முழுவதற்கும் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலைக் காயத்துக்குக் கிடையாது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் பிரிவு 53, வேலைக் காயத்துக்கு வேறு சட்டத்தின்கீழ் இழப்பீடு பெறுவதைத் தடை செய்கிறது. அதன் சொற்கள் மிக அகலமானவை. லாரி உரிமையாளர்மீது மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடும் எண்ணம் இருந்தால், ஈ.எஸ்.ஐ.யில் எதையும் எழுதிக்கொடுக்கும் முன்பே வழக்கறிஞரிடம் இரண்டு தொகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: அண்ணன் லாரி டிரைவர். நாமக்கல்லிலிருந்து குஜராத்துக்கு லோடு ஏற்றிப் போன வழியில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். “மாரடைப்பு விபத்து ஆகுமா?” என்று கேட்கிறார்கள்.

பதில்: வேலையின்போது இறந்தார் என்பது மட்டும் போதாது, வேலையின் பளுவே மாரடைப்புக்குக் காரணமாகவோ அதை விரைவுபடுத்தியதாகவோ இருந்தது என்று காட்ட வேண்டும். நெடுந்தூரம் ஓட்டிச்சென்ற லாரி ஓட்டுநர் வழியில் மயங்கி விழுந்து இறந்த ஒரு வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை ஏற்றது. எத்தனை நாளாகத் தொடர்ந்து ஓட்டினார், மாற்று ஓட்டுநர் இருந்தாரா என்பதற்குச் சுங்கச்சாவடி ரசீதுகளும் ஜி.பி.எஸ். பதிவும் ஆதாரமாகும். அவை அழிவதற்குள் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும்போது நாடா (ஊடுநூல் ஓடும் கட்டை) தெறித்து 2022-இல் ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. “பார்த்துச் செய்கிறேன்” என்று தறி உரிமையாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது இரண்டு ஆண்டுக் கெடு முடிந்துவிட்டதே?

பதில்: போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. உரிமையாளர் நம்பிக்கை கொடுத்துக் காக்கவைத்தது நல்ல காரணமே. அவர் பேசிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மனுவோடு தாமத மன்னிப்பு மனுவும் தேவை. மறு கண் நன்றாக இருந்து, விழி சிதையாமல் ஒரு கண்ணின் பார்வை மட்டும் போயிருந்தால் அட்டவணைப்படி 30 சதவீதம். இனி ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: நான் ஓசூரில் எட்டுப் பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறேன். 2025 ஆகஸ்ட்டில் பீகார் தொழிலாளி ஒருவருக்குக் கால் நசுங்கிப் பாதம் ஊனமாகிவிட்டது. அவர் ஊருக்குப் போய்விட்டார். காப்பீடு எடுத்திருக்கிறேன். “அவர் கேஸ் போடட்டும், பிறகு பார்க்கலாம்” என்கிறார் ஏஜென்ட். காத்திருக்கலாமா?

பதில்: உரிமையாளர் ஒருவர் தாமாகவே கேட்டு எழுதியது மகிழ்ச்சி. காத்திருக்கக் கூடாது. இழப்பீடு விபத்து நாளிலேயே கொடுக்க வேண்டியதாகிவிட்டது. ஒரு மாதம் கழிந்ததிலிருந்து வட்டிப் பொறுப்பு உங்கள் தலைமேல் நிற்கிறது. தொகையில் கருத்து வேறுபாடு இருந்தாலும், நீங்கள் ஒப்புக்கொள்ளும் அளவை உடனே தற்காலிகமாகக் கொடுக்க வேண்டும் என்பது பிரிவு 4-ஏ. வாகனக் காப்பீடு தொடர்பான 1997-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், இழப்பீட்டையும் வட்டியையும் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டும், ஆனால் தாமதத்துக்கான அபராதத்தை முதலாளியே கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. உங்கள் பாலிசியில் வட்டிக்கு விலக்கு ஏதும் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் ஏஜென்டின் யோசனையால் வட்டியும் உங்கள் கையிலிருந்துதான் போகும். அந்தத் தொழிலாளி தம் ஊரிலிருந்தே அங்குள்ள ஆணையரிடம் மனுச் செய்யலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அவரோடு பேசித் தொகை முடிவு செய்தால், அந்த உடன்பாட்டை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாத உடன்பாட்டைக் காட்டிப் பொறுப்பிலிருந்து விலக முடியாது. கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்காது. எனவே மருத்துவச் சான்றை வாங்கி, அவருடைய வயதுக்கான காரணியோடு கணக்கிட்டு, தொகையை ஓசூர் பகுதிக்கு அதிகாரமுள்ள ஆணையரிடமே செலுத்திவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் தகவல் கொடுங்கள்.